பத்து நிமிடப் பழசு

நவம்பர் 11, செவ்வாய்

கட்டுப்பாட்டு அறையில் இன்று அந்தப் பெரிய திரையை மாட்டிவிட்டார்கள். பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மாட்ட வந்தவர்கள் போனதும் சிதம்பரதாணு சார் தேங்காய் வாங்கிவரச் சொல்லி வாசலில் உடைத்தார். அவர்தான் இந்த அறைக்குப் பொறுப்பு. பிறகு என்னைத் திறக்கச் சொன்னார். நான் பொத்தானை அமுக்கினேன். எண்ணிக்கை வந்து விழுவதற்குள் அவர் ஒரு தேங்காய்ச் சில்லைத் தின்று முடித்துவிட்டார்.

நான் இங்கே அரசு ஆள் இல்லை. நாகர்கோவிலில் ஒரு சின்னக் கம்பெனி, ரிப்போர்ட் செய்துகொடுக்க என்னை அனுப்பியிருக்கிறது. கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகும் துறைமுக ஜன்னலில் ஒரு பிளாஸ்டிக் டோக்கன் வாங்க வேண்டும். திரும்பியதும் கொடுக்க வேண்டும். ஜன்னலில் இருப்பவர் இரண்டையும் கம்ப்யூட்டரில் பதிவார். எல்லாத் துறைமுகப் பதிவுகளும் ஒரே டேட்டாபேஸில் வந்து சேரும். அதிலிருந்து, யார் இன்னும் கரைக்கு வரவில்லை என்று எடுத்துக் காட்டுவது என் வேலை. புயல் வந்தால் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் மீட்புக் கப்பலை அனுப்புவார்கள். இதுவரை சோப்புக் கம்பெனிக்கும் ஜவுளிக் கடைக்கும் கணக்குக் காட்டியவள் நான். சோப்புக் கணக்கு தப்பினால் யாரும் சாகமாட்டார்கள்.

இதைக் காட்ட இரண்டு வழி உண்டு. டேட்டாபேஸை அவ்வப்போது நகல் எடுத்து வைத்து, நகலிலிருந்து காட்டலாம்; சட்டென்று வரும், கொஞ்சம் பழசாக இருக்கும். அல்லது ஒவ்வொரு அமுக்கலுக்கும் நேராக டேட்டாபேஸையே போய்க் கேட்கலாம். புதுசாக இருக்கும், மெதுவாக வரும். நான் நகல் என்றேன். சார் முகத்தைச் சுளித்தார்.

"எனக்கு நேத்தைக்குள்ள கணக்கு வேண்டாம் பெனிட்டா. இப்பம் கடல்ல யாரு? அதச் சொல்லு, போதும்."

சரி என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் அரைக்கிலோ சாளை மீன் வாங்கினேன். மழைக்காலம், துணி இரண்டு நாளாகக் கொடியிலேயே கிடக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

மணல்துறை ஜன்னலிலிருந்து மெற்றில்டா கூப்பிட்டாள். அவளை நான் நேரில் பார்த்ததில்லை. குரலை மட்டும் தெரியும். அங்கே டோக்கன் கொடுப்பதும் வாங்குவதும் பதிவதும் அவள்தான். என்னைவிட ஏழெட்டு வயது இளையவளாக இருக்கும், எக்கா எக்கா என்று ஒட்டிக்கொள்வாள்.

பதினோரு மணிக்கு மேல் பதிவு ஏறமாட்டேன் என்கிறதாம். அமுக்கினால் வட்டம் சுற்றிக்கொண்டே கிடக்கிறதாம். மோடத்தை அணைத்துப் போடு, உங்கள் ஊர் நெட்வொர்க் அப்படித்தான் என்றேன். அணைத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது என்று அவளே சொன்னாள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பதினோரு மணிக்கு இங்கே ஆய்வுக் கூட்டம். சார் ஏழெட்டு அதிகாரிகளுக்குத் திரையைக் காட்டி, துறைமுகம் துறைமுகமாக அமுக்கி அமுக்கி விளக்கினார். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. மெதுவாக வருகிறது என்பதுதான் குறை.

போனை வைக்கும் முன் மெற்றில்டா சிரித்தாள். அவள் வீட்டுக்காரர் கிளீட்டஸ் ஞாயிற்றுக்கிழமை ஆழ்கடலுக்குப் போயிருக்கிறாராம். 'சந்தியாகப்பர்' என்று படகு, அவரோடு ஏழு பேர். கிறிஸ்துமஸுக்கு முன்னால் திரும்பிவிடுவார்கள். "அவியளுக்கு டோக்கன் போட்டதும் நான்தான் எக்கா. கட்டின புருசன நானே கரையில இருந்து வெட்டி விட்டுட்டேன் பாத்துக்கிடுங்க" என்றாள்.

நவம்பர் 15, சனி

நௌஷாதோடு சண்டை. டேட்டாபேஸ் அவர் பொறுப்பு. சர்வர் அறையின் குளிரில் குல்லாப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சிரிப்பே வராது. நான் இண்டெக்ஸ் கேட்டேன். புத்தகத்துக்குக் கடைசியில் இருக்கும் சொல் அடைவு மாதிரி. அது இருந்தால் தேடுவது வேகமாகும். அவர் முடியாது என்றார். ஒவ்வொரு பதிவு வரும்போதும் அடைவையும் சேர்த்துத் திருத்த வேண்டும், எழுதுவது மெதுவாகிவிடும் என்கிறார்.

"பாக்குறவங்களுக்கு வேகம் வேணுமா, எழுதுறவங்களுக்கு வேணுமா மேடம்? ரெண்டு பேருக்கும் ஒரே வாசல்தான் இருக்கு. உங்க ரிப்போர்ட்ட ஒருத்தர் ஒருதடவ தொறந்தா பதினாலு கேள்வி வந்து விழுது, தெரியுமா?"

தெரியும். பதினாலு கட்டம் போட்டால் பதினாலு கேள்விதான். கேட்டவர் சிதம்பரதாணு சார், போட்டவள் நான். ஆனால் அதை நௌஷாத் குல்லாவோடு சொன்னபோது கோபம் வந்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், உங்கள் சர்வரைப் பெரிதாக்குங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பழமொழி யாருக்குப் பொருந்தும் என்று படியிறங்கும்போதுதான் யோசித்தேன்.

சாயங்காலம் வரை வெட்டினேன். படகின் நிறம், இன்ஜின் குதிரைத்திறன், மீன் வகை எல்லாம் போயிற்று. பதினாலு கட்டம் ஐந்து ஆனது. எத்தனை நாளாகக் கடலில் என்ற கணக்கை ரிப்போர்ட்டுக்குள் போடாமல் டேட்டாபேஸ் பக்கமே தள்ளிவிட்டேன். இரண்டு திசையிலும் போட்டிருந்த இணைப்புகளை ஒரு திசையாக்கினேன். துறைமுகப் பெயரைத் தொட்டவுடன் கேள்வி பாயாமல், எல்லாம் தேர்ந்தெடுத்துக் கடைசியில் ஒரு பொத்தானை அமுக்கினால் மட்டும் போகும்படி செய்தேன். கண் எரிகிறது.

நவம்பர் 18, செவ்வாய்

அமுக்கியதிலிருந்து ஒன்பது நொடி! புட்டும் பயறும் செய்து தின்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

தெற்கே காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறது என்று செய்தி. இந்த மாதத்தில் இது வழக்கம்தான்.

சார் இன்று நல்ல குணத்தில் இருந்தார். திரை வேகமாகிவிட்டதில் அவருக்குப் பெருமை. என்னைக் கேட்காமலே இணைப்பை எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். தாலுகா அலுவலகங்கள், காவல் நிலையங்கள், கடற்கரைத் தேவாலயப் பங்குகளின் சாமியார்கள், நிருபர்கள். எல்லாரும் பார்க்கட்டும், நம்மிடம் மறைக்க ஒன்றும் இல்லை என்றார். "தாங்கும்லா?" என்று கேட்டார்.

பார்த்துக்கொள்ளலாம் சார் என்றேன்.

அந்த ஒன்பது நொடி நான் தனியாக உட்கார்ந்து அமுக்கிப் பார்த்த ஒன்பது நொடி. ஒரே நேரத்தில் நூறு பேர் அமுக்கினால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. பார்ப்பதற்கு நூறு பேர் இல்லை. திங்கட்கிழமை நௌஷாதிடம் கேட்டு ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டும். சனி, ஞாயிறில் ஒன்றும் ஆகாது.

மெழுகுவர்த்தி வாங்கி வைத்தேன். ஏன் வாங்கினேன் என்று வீட்டில் அவர் கேட்டார். சும்மா என்றேன். சும்மா இல்லை, பயமாக இருக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

காலையிலேயே ஜீப் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். தாழ்வு புயலாகிவிட்டது. படகுகளை எல்லாம் திரும்பச் சொல்லி வயர்லெஸ்ஸிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் சொல்கிறார்கள். நான் உள்ளே நுழைந்தபோது திரையில் 612.

அதன்பின் எல்லாரும் அந்த எண் இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒருமுறை அமுக்கினால் ஒரு நிமிடம் ஆனது. பிறகு இரண்டு நிமிடம். பிறகு வெள்ளைத் திரை. வெள்ளைத் திரை வந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? மறுபடி அமுக்குவார்கள். எல்லாப் பங்கு அலுவலகங்களிலும் பெண்கள் கம்ப்யூட்டரைச் சுற்றி நிற்கிறார்களாம். சாமியார் அமுக்கிக்கொண்டே இருக்கிறாராம். டிவிக்காரர்கள் எங்கள் எண்ணை அப்படியே கீழே ஓட விடுகிறார்கள்.

மத்தியானம் 598.

மெற்றில்டா கூப்பிட்டாள். மணல்துறையில் படகு கட்ட இடமில்லையாம், ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு நிற்கிறதாம். ஆனால் பதிவு ஏறவில்லை. மோடத்தை அணைத்துப் போடு என்றேன். "போட்டாச்சு எக்கா. நாலு தடவ போட்டாச்சு" என்றாள். மற்றத் துறைமுகங்களிலும் அதே கதை. மழை, கேபிள், ஏதாவது இருக்கும் என்று சார் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

சாயங்காலம் என்னை வீட்டில் கொண்டுவிட்டார்கள். நௌஷாத் போகவில்லை.

நவம்பர் 24, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விடிந்ததும் ஜீப் வந்தது. வழியில் புளியமரம் விழுந்து கிடந்தது, சுற்றிப் போனோம். திரையில் 571. இரவெல்லாம் படகுகள் வந்துகொண்டுதான் இருந்தன என்று எல்லாத் துறைமுகங்களும் போனில் சொல்கின்றன. நேற்றுக் காலையிலிருந்து எண் ஐம்பதுகூட இறங்கவில்லை. டிவியில் ஐந்நூற்று எழுபத்தொரு படகுகளைக் காணவில்லை என்று ஒருவர் அழாத குறையாகப் படிக்கிறார். வெளியே கேட்டுக்கு முன்னால் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒரு பெண் கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தாள்.

மீட்புக் கப்பலிலிருந்து சாருக்குப் போன். நான் பக்கத்தில் நின்றேன். கப்பல் தயாராக இருக்கிறது, எந்தப் பக்கம் போகட்டும், யார் பெயரைச் சொல்லித் தேடட்டும் என்று கேட்கிறார்கள். சாரிடம் ஐந்நூற்று எழுபத்தொரு பெயர் இருந்தது. அதில் முக்கால்வாசிப் பேர் கரையில் கட்டன் சாயா குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மிச்சம் யார் என்றுதான் தெரியவில்லை. கப்பல் காத்திருந்தது.

சர்வர் அறைக்கு ஓடினேன். நௌஷாத் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். திரையைத் திருப்பிக் காட்டினார். டேட்டாபேஸின் வாசலில் காத்துக்கிடக்கும் கேள்விகளின் வரிசை அது. ஆயிரக்கணக்கில் ஓடியது. எல்லாம் ஒரே கேள்வி: கடலில் இருப்பது யார், கடலில் இருப்பது யார். எல்லாம் என் ரிப்போர்ட்டிலிருந்து வந்தவை. நடுநடுவே ஒன்றிரண்டு பதிவுகள், படகு வந்துவிட்டது என்று எழுத வந்தவை, நெரிசலில் மாட்டி நேரம் முடிந்து திரும்பிப் போயின.

எண் இறங்காதா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்ததால் அது இறங்கவில்லை.

ரிப்போர்ட்டை நிறுத்திவிடலாம் என்று சாரிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"திரை இருட்டாச்சுன்னா வெளிய நிக்கிய ஜனம் என்ன நெனைக்கும்? சாவ மறைக்கான்னு சொல்லுவான். கேட்டு நிக்காது. நீ அதத் தொடப்பிடாது."

அவர் சொன்னதும் பொய்யில்லை. கேட்டை உலுக்கிய பெண்ணை நானும் பார்த்தேன்தானே. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். என் வேலை போகும் என்று நினைத்தேன். கூட்டம் உள்ளே வந்துவிடும் என்று நினைத்தேன். இதையெல்லாம் நினைத்ததை எழுதத்தான் வேண்டும்.

அப்போது மெற்றில்டா கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"எக்கா, டோக்கன் வாளி நெறஞ்சு கெடக்கு. ரெண்டாவது வாளியும் பாதி ஆயாச்சு. எல்லாரும் ஜன்னல்ல வீசிட்டு வீட்டுக்கு ஓடுதாவ. ஒண்ணையும் ஏத்த முடியல. நான் என்ன செய்யணும்?"

சந்தியாகப்பர் என்று கேட்டேன்.

"வாளிக்குள்ள கையப் போட்டுப் பாத்தேன். தட்டுப்படல. அடியில கெடக்குமாயிருக்கும்" என்றாள். பிறகு, "இல்லன்னா கேரளத்துல எங்கயாவது ஏறியிருப்பாவ" என்றாள்.

நான் எழுந்து போய் ரிப்போர்ட்டை நிறுத்தினேன். எல்லாருக்கும், ஒரே அடியாக. சுவரில் பாதி இருட்டானது. சார் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். அடுத்த நொடியே அவர் போன் அடிக்க ஆரம்பித்தது. திட்டுவார் என்று நின்றேன். அவர் போனை எடுத்து, "ரிப்பேர் பாக்குதோம், இப்பம் வந்துரும்" என்று மட்டும் சொன்னார்.

நௌஷாத் சின்னதாக ஒரு டேபிள் தனியே செய்துகொடுத்தார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரே ஒரு தடவை மட்டும் எண்ணி, எண்ணையும் படகுப் பெயர்களையும் அதில் போட்டுவிடும். பார்ப்பவர்கள் எத்தனை ஆயிரம் பேர் ஆனாலும் அந்தச் சின்ன டேபிளைத்தான் பார்ப்பார்கள். எழுதுபவர்களின் வாசலில் யாரும் நிற்கமாட்டார்கள். முதல் நாள் நான் கேட்ட நகல்தான் இது. அன்று சாரோடு இரண்டு வார்த்தை கூடப் பேசி மல்லுக்கட்டியிருக்கலாம்.

திரையை மறுபடி திறந்தபோது 571. அடுத்த பத்து நிமிடத்தில் 402. அறையில் யாரோ கைதட்டினார்கள். 260. 118. மெற்றில்டா வாளியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். மணல்துறை எண் மளமளவென்று விழுந்தது. கேட்டில் கூட்டம் கலைய ஆரம்பித்தது. மத்தியானத்துக்கு மேல் 23. இருபத்துமூன்று பெயரைக் கையில் எடுத்துப் போனில் வாசிக்கலாம். கேரளத் துறைமுகங்களுக்கு வரிசையாகப் போன் போட்டோம். அங்கே ஏறியவர்களை இங்கிருந்தே பதிந்தோம். மூன்று மணிக்குச் சார் கப்பலுக்குப் பெயர்களைச் சொன்னார். கப்பல் தென்மேற்கே புறப்பட்டது.

மிச்சம் நான்கு. சந்தியாகப்பர் அதில் இருக்கிறது.

நவம்பர் 25, செவ்வாய்

காலையில் ஒரு படகு மினிக்காய் தீவுப் பக்கம் ஒதுங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. மூன்று. மத்தியானம் கப்பல் இரண்டு படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது, எல்லா ஆட்களும் உயிரோடு. ஒன்று.

இழுத்துவரப்பட்டவர்களோடு பேசிவிட்டு வந்து சார் சொன்னார். மூன்று படகுகளும் ஒன்றாகத்தான் கிடந்தனவாம். திங்கட்கிழமை விடிந்தபோதும் சந்தியாகப்பர் கூப்பிடு தூரத்தில் இருந்ததாம். கிளீட்டஸ் எழுந்து நின்று துண்டை வீசினாராம். மத்தியானம் ஒரு பெரிய மழை வந்து மறைத்ததாம். அது விட்டபோது இல்லையாம்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து துணியெல்லாம் மறுபடி அலசிப் போட்டேன். நாற்றமடித்துவிட்டது.

நவம்பர் 26, புதன்

மெற்றில்டாவைக் கூப்பிட்டேன். நான்கு தடவை போனை எடுத்து எடுத்து வைத்தபிறகுதான் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல், சிஸ்டம் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். கேட்ட வாயைத் தைக்க வேண்டும்.

"இப்பம் நல்ல வேகம் எக்கா. அமுக்கின ஒடனே வருது" என்றாள்.

லீவு போடவில்லையா என்றேன். கப்பல் இன்னும் தேடுகிறது, போட்டால் இங்கே யார் பார்ப்பார்கள் என்றாள்.

நவம்பர் 28, வெள்ளி

வேகத்தைப் பாராட்டி மேலிடத்திலிருந்து சாருக்குப் போன் வந்ததாம். எல்லாருக்கும் லட்டு. வாயில் வைத்தேன், குளியலறையில் போய்த் துப்பினேன்.

நௌஷாத் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கூட்டமெல்லாம் போய்விட்டது, இப்போது யாரும் இணைப்பைத் திறப்பதில்லை, ஓர் இடத்திலிருந்து மட்டும் பகல் முழுக்கக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது என்றார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "சுமையே இல்ல மேடம். இருந்துட்டுப் போகட்டும்" என்று எழுந்து போனார்.

தேடுதலை இன்று நிறுத்திவிட்டார்கள்.

டிசம்பர் 1, திங்கள்

மணல்துறைக்குப் போனேன். கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வேண்டும் என்று சாரிடம் பொய் சொன்னேன். பஸ்ஸில் வழி முழுக்க ஒரே பயம். போன திங்கள் காலையைப் பற்றிக் கேட்பாள் என்று பயம். அன்று ஏன் அத்தனை நேரம் வட்டம் சுற்றியது என்று கேட்டால் என்ன சொல்வேன்? சொல்வதற்கு வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். ஊர் வந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. கடலைப் பார்த்த ஜன்னல். அவள் அதற்கு முதுகு காட்டி, திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான்தான் பெனிட்டா என்றதும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். சாயா வரவழைத்தாள். அந்த நாளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

படகுகள் மறுபடி போக ஆரம்பித்துவிட்டன. ஒருவர் வந்து டோக்கன் கேட்டார், கொடுத்தாள், பதிந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் ஏறியது. பிறகு பக்கத்தை மாற்றி என் ரிப்போர்ட்டைத் திறந்தாள். புயலன்று கடலில் இருந்தவர்களின் கணக்கு தனியாக நிற்கிறது. திறந்த உடனே வந்தது: 1. அடியில் பெயர்.

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"எக்கா, இது இப்பம் உள்ள கணக்கா? இல்ல, பழசா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. நேரடிக் கணக்கு இல்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணி வைப்பது, பத்து நிமிடம் வரை பழசாக இருக்கும் என்றேன்.

"அப்பம், இதுக்குள்ள எங்கயாவது கரையேறி, அங்க உள்ளவிய பதிஞ்சிருந்தாலும் இதுல தெரியாது."

தெரியாது என்றேன்.

"பத்து நிமிசம் கழிச்சுத்தான் தெரியும்."

ஆமாம் என்றேன்.

அவள் தலையாட்டிக்கொண்டு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. சாயா ஆறிப்போகுது குடிங்க எக்கா என்றாள். குடித்தேன். பத்து நிமிடம் ஆனதும் அவள் அமுக்கினாள். நானும் பார்த்தேன். பிறகு அடுத்த பத்து நிமிடத்துக்கு இருவரும் உட்கார்ந்திருந்தோம். கடைசி பஸ் வரை அப்படியே இருந்தேன்.

டிசம்பர் 3, புதன்

சார் கூப்பிட்டு, புயல் போய்விட்டது, கூட்டமும் இல்லை, பழையபடி நேரடிக் கணக்காக மாற்றிவிடு என்றார். சர்வர் தாங்காது என்று சொன்னேன். நௌஷாதைக் கேட்டார். அவரும் தாங்காது என்றார்.

தாங்கும்.